நீராவி: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பாயிலர்காரரின் பதில்கள்

போன இதழில் ஊட்டி மலை ரயிலைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, ரயிலை விட்டுவிட்டு நீராவியைப் பற்றியே கேட்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான். 35 வருடம் ஒரு பஞ்சாலையின் பாயிலர் ஹவுஸில் வேலை பார்த்தவன் நான். 1971-ல் கரி அள்ளிப் போடும் ஆளாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, பாயிலரைப் பொறுப்பேற்று ஓட்டும் முதல் வகுப்பு அட்டெண்டன்டாக ஓய்வு பெற்றேன். படித்துத் தெரிந்ததையும் அடுப்பு முன்னால் நின்று தெரிந்துகொண்டதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கெட்டிலின் மூடி துள்ளுவதைப் பார்த்துத்தான் சிறுவன் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்று நான் பள்ளியில் படித்தேன். என் மகளுக்கு வேறு யாரோ பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எது உண்மை?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

அம்மா, உங்கள் மகள் படித்ததுதான் சரி. ஜேம்ஸ் வாட் பிறந்தது 1736-ல். அதற்கு 24 வருடம் முன்பே, 1712-ல், இங்கிலாந்தில் டட்லி கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நீராவி எஞ்சின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அதைச் செய்தவர் தாமஸ் நியூகமன். டார்ட்மத் என்ற துறைமுக ஊரில் இரும்புச் சாமான் வியாபாரி. சுரங்கம் ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் ஊறும். குதிரைகளைக் கட்டி இறைத்தாலும் தீராது. அந்தக் கஷ்டத்துக்குத்தான் அவர் வழி தேடினார்.

கெட்டில் கதையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நீராவி மூடியைத் தள்ளுகிறது, அதே மாதிரி எஞ்சினையும் நீராவிதான் தள்ளியது என்று குழந்தைகள் நினைத்துக்கொள்வார்கள். நியூகமன் எஞ்சினில் நடந்தது நேர் எதிர். உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி இறுக்கமாக மூடிவிடுங்கள். ஆறின பிறகு மூடியைத் திறக்கப் பாருங்கள், லேசில் வராது. உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிட்டது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அது மறுபடி சொட்டாகச் சுருங்கும்போது அந்த இடம் வெறுமையாகிவிடும். வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

நியூகமன் செய்ததும் இதுதான். 21 அங்குல விட்டமுள்ள உருளைக்குள் ஆவியை விட்டார். பிறகு குளிர்ந்த தண்ணீரைப் பீச்சினார். ஆவி சுருங்க, மேலே இருந்த காற்று பிஸ்டனை, அதாவது உருளைக்குள் ஏறி இறங்கும் தட்டை, கீழே அமுக்கியது. அந்த வட்டத்தின் மேல், உள்ளே முழு வெற்றிடம் கிடைத்தால், காற்று இரண்டு டன்னுக்கு மேல் அழுத்தும். நம் ஊர் ஏற்றம் போல நடுவில் தாங்கிய ஒரு பெரிய மர உத்திரம். பிஸ்டன் இந்த முனையை இழுக்க, அந்த முனை பம்புக் கம்பியைத் தூக்கும். பிஸ்டன் ஓரமாகக் காற்று புகாமலிருக்கத் தோலும், அதன் மேல் கொஞ்சம் தண்ணீரும்.

அப்படியென்றால் வாட் என்னதான் செய்தார்? அவர் கேட்ட கேள்வியைத்தான் நான் 35 வருடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்: போட்ட கரியெல்லாம் எங்கே போகிறது?

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து கொடுத்து, பழுது பார்த்துப் பிழைத்தவர் வாட். 1763-64 குளிர்காலத்தில், வகுப்பில் காட்டுவதற்கு வைத்திருந்த ஒரு குட்டி நியூகமன் எஞ்சின் அவரிடம் பழுதுக்கு வந்தது. சரிசெய்து ஓட்டினால் சில அடி (பிஸ்டன் ஒரு தடவை ஏறி இறங்குவது ஒரு அடி) அடித்துவிட்டு நின்றுவிடும். பாயிலரில் ஆவி தீர்ந்துவிடும். வேறு ஆள் என்றால் இன்னும் பெரிய பாயிலர் வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார். வாட் உட்கார்ந்து அளந்தார். உருளையை நிரப்பத் தேவையானதைவிடப் பல மடங்கு ஆவி ஒவ்வொரு அடிக்கும் செலவாகிறது என்று கண்டார். போன அடியில் தண்ணீர் பீச்சிக் குளிரவைத்த அதே உருளையை, இந்த அடியில் மறுபடி சூடாக்க வேண்டியிருக்கிறது. ஆவியில் பெரும்பங்கு அதற்கே போய்விடுகிறது. ஒவ்வொரு தோசைக்கும் தோசைக்கல்லைக் குழாயடியில் நனைத்து எடுத்து வந்து மறுபடி அடுப்பில் வைத்தால் எப்படியிருக்கும்? அப்படி.

1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கிளாஸ்கோ கிரீன் என்ற புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு விடை கிடைத்தது. ஆவி காலி இடத்தைப் பார்த்துப் பாயும். எனவே குளிரவைப்பதற்கு என்று தனியாக ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டால், உருளை எப்போதும் சூடாகவே இருக்கலாம். அந்தத் தனிப் பாத்திரம்தான் கண்டென்சர்.

யோசனை 1765-ல் வந்தது. ஆனால் சுரங்கத்தில் எஞ்சின் ஓட 1776 ஆனது. 11 வருடம்! காரணம் உருளை. சரியான வட்டமாகக் கடைந்து கொடுக்க ஆள் இல்லை. இடைவெளி இருந்தால் ஆவி ஒழுகிவிடும். ஜான் வில்கின்சன் என்ற இரும்பாலைக்காரர் பீரங்கிக் குழல் கடைவதற்கு என்று ஒரு இயந்திரம் செய்திருந்தார். அந்த வழியில் கடைந்த 50 அங்குல உருளையில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் காசின் கனம்கூடப் பிசகில்லை என்று வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்ட்டன் பெருமையாக எழுதினார். வாட் பெயரைச் சொல்கிற இடத்தில் வில்கின்சன் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. கடைசல் பட்டறையில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

அவர்கள் எஞ்சினுக்குக் கூலி வாங்கிய முறையும் எனக்குப் பிடிக்கும். பழைய எஞ்சின் எரித்திருக்கக்கூடிய கரியோடு ஒப்பிட்டு எவ்வளவு மிச்சமாகிறதோ, அந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. கரிச் சுரங்கத்தில் விற்காத கரித்தூள் குவிந்து கிடக்கும், அங்கே நியூகமன் எஞ்சினே போதும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலின் தகர, செம்புச் சுரங்கங்களுக்குக் கரி வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். அவர்கள்தான் வாட்டை ஓடிப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பங்கைக் கொடுக்க மனமில்லாமல் சண்டை போட்டதும் அதே கார்ன்வால்காரர்கள்தான்.

கேள்வி: எங்கள் கிணற்றில் 5 ஹெச்.பி. மோட்டார் ஓடுகிறது. ஹெச்.பி. என்றால் குதிரை என்கிறார்கள். எந்தக் குதிரையை வைத்துக் கணக்கிட்டார்கள்?
– ஒரு விவசாயி, ஒட்டன்சத்திரம்

ஆலைகளில் செக்கு மாடு போலச் சுற்றி வந்துகொண்டிருந்த குதிரைகளை வைத்துத்தான். எஞ்சின் வாங்க வந்தவர்கள் வாட்டிடம், "இது எத்தனை குதிரைக்குச் சமம்?" என்று கேட்டார்கள். அவர் கணக்குப் போட்டு, ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஒரு அடி தூக்குவது ஒரு குதிரைத்திறன் என்று வைத்தார். நம் கணக்கில், சுமார் 76 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்குவது. உயிருள்ள குதிரை நாள் முழுக்க இந்த வேகத்தில் உழைக்காது. வாட் தாராளமாகவே அளந்தார். வாங்கியவருக்கு நஷ்டமில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. நியூகமனின் 1712 எஞ்சின் நிமிடத்துக்கு 12 தடவை இழுத்தது. ஒரு இழுப்புக்கு 10 காலன் தண்ணீர், 153 அடி ஆழத்திலிருந்து. கணக்குப் போட்டால் ஐந்தரை குதிரைத்திறன். உங்கள் மோட்டார் அளவுதான்! அதற்கு ஒரு மாடிக் கட்டடம் வேண்டியிருந்தது, ஒரு பெரிய பாயிலர், ஓயாமல் கரி போட ஆள். உங்கள் மோட்டாரை இரண்டு பேர் தூக்கிவிடலாம். அடுத்த தடவை சுவிட்சைப் போடும்போது அந்த எஞ்சின் வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: அலெக்சாண்ட்ரியாவின் ஹீரோ இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே நீராவியால் சுழலும் பந்தைச் செய்தாராமே. அப்போதே ஏன் தொழிற்சாலைகள் வரவில்லை?
– ஒரு மாணவர், திருவாரூர்

தம்பி, அந்தப் பந்து சுழலும், ஆனால் எதையும் இழுக்காது. ஆவியெல்லாம் இரண்டு குழாய் வழியாக வெளியே சீறிப் போய்விடும். அடிமைகள் இருந்ததால் இயந்திரம் தேவைப்படவில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. உருளையும் பிஸ்டனும் வேண்டும், காற்றுக்கு எடை உண்டு என்ற அறிவு வேண்டும். அது 1640-களில்தான் இத்தாலிய அறிஞர் டாரிச்செல்லியின் பாதரசக் குழாயால் தெளிவானது. டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் உருளைக்குள் ஆவியைக் குளிரவைத்துப் பிஸ்டனை இறக்கிக் காட்டியது 1690-ல். உன் வீட்டுப் பிரஷர் குக்கரும் அவர் 1679-ல் செய்த பாத்திரத்தின் வாரிசுதான். அழுத்தம் மீறினால் ஆவியை வெளியே விடும், எடை வைத்த சேஃப்டி வால்வும் அதற்கு அவர் போட்டதே.

கேள்வி: பாபநாசத்தில் அருவித் தண்ணீரிலேயே மில் ஓடியது. அப்புறம் மற்ற ஊர்களில் நீராவி எதற்கு? நீராவி மில்தான் நம் நெசவைக் கெடுத்தது என்று என் தாத்தா சொல்வார். அது சரியா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

முதல் கேள்விக்கு உங்கள் ஊரே விடை. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் மில் கட்டியது தாமிரபரணி விழுகிற இடம் அது என்பதால்தான். தூத்துக்குடியிலும் மதுரையிலும் அருவி ஏது? தண்ணீர்ச் சக்கரம் என்றால் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு ஆலை போக வேண்டும். நீராவி என்றால் ஆள் இருக்கிற இடத்துக்கு, துறைமுகம் இருக்கிற இடத்துக்கு ஆலையைக் கொண்டுவரலாம்.

இங்கிலாந்திலும் இதே கதை. ஆர்க்ரைட் என்ற ஆலை முதலாளி 1771-ல் கிராம்ஃபர்டில் கட்டிய நூற்பாலை தண்ணீரில் ஓடியது. 1785-ல் பாப்பில்விக் என்ற ஊரில்தான் முதன்முதலாகப் பஞ்சாலைக்கு வாட் எஞ்சின் வந்தது. அதற்கு முன்னால் எஞ்சின் ஏறி இறங்கத்தான் செய்யும், சுழலாது. சுழலவைக்கச் சாதாரணக் கிராங்க் போதும், ஆனால் அதற்கு வேறொருவர் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். அதனால் வாட் 1781-ல் ஒரு பல்சக்கரம் இன்னொரு பல்சக்கரத்தைச் சூரியனைக் கோள் சுற்றுவது போலச் சுற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். 1788-ல் எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற கருவி. இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். வேகம் கூடினால் விரிந்து ஆவியைக் குறைக்கும், குறைந்தால் ஒடுங்கி ஆவியைத் திறக்கும். நூற்பாலைக்கு இது உயிர். வேகம் சீராக இல்லையென்றால் இழை அறும். எங்கள் மில்லில் மின்சாரம் ஏறி இறங்கும் நாளில் ஸ்பின்னிங் பக்கத்துப் பெண்கள் அறுந்த இழையைப் பிணைத்துப் பிணைத்தே ஓய்ந்துபோவார்கள். அந்தக் குண்டுகளின் அருமை எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

இருந்தாலும் ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. 1800-ல்கூட பிரிட்டனில் தண்ணீர்ச் சக்கரங்கள்தான் அதிக வேலை செய்தன. நம் பக்கத்தில் நீராவிக்குப் பிறகு 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும்தான் கோயம்புத்தூர் மில்கள் பெருகின.

இனி உங்கள் தாத்தா சொன்னது. அவர் வேதனை நியாயமானது. ஆனால் முதலில் அடி விழுந்தது தறிக்கு இல்லை, ராட்டைக்கு. நூல் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள், வீட்டில் உட்கார்ந்து நூற்றுக் குடும்பத்துக்குக் காசு சேர்த்தவர்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் மில் நூல் மலிவாகவும் சீராகவும் வந்து இறங்கியதும் அந்த வருமானம் போனது. அவர்களுக்காக யாரும் பெரிதாகக் குரல் கொடுக்கவில்லை. அது என் மனதை இன்றும் வருத்துகிறது. நெசவாளர்களில் பலர் அந்த மில் நூலையே வாங்கி நெய்து தாக்குப்பிடித்தார்கள். அவர்களை அடுத்து நெருக்கியது மில் துணி. அதிலும் நீராவியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இந்தியத் துணிக்கு அங்கே கடும் வரி, அவர்கள் துணிக்கு இங்கே திறந்த கதவு. அது அரசியல். இங்கிலாந்தின் கைத்தறிக்காரர்களும் தப்பவில்லை. 1820 வாக்கில் அங்கே சுமார் 2,40,000 பேர் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள், 1850-ல் 50,000-க்கும் குறைவு.

கேள்வி: நீராவியின் காலம் முடிந்துவிட்டதுதானே?
– ஒரு வாசகர், நெய்வேலி

நெய்வேலியிலிருந்து இந்தக் கேள்வியா! உங்கள் ஊர் அனல்மின் நிலையத்தில் டர்பைனைச் சுற்றுவது நீராவிதான். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுவைப் பிளப்பது கடைசியில் தண்ணீரைக் கொதிக்கவைக்கத்தான். 1884-ல் சார்லஸ் பார்சன்ஸ் பிஸ்டனை விட்டுவிட்டு, ஆவியை இறக்கைகள் மேல் பாயவிட்டார். அவருடைய முதல் டர்பைன் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றியது, கொடுத்த மின்சாரம் ஏழரை கிலோவாட். இன்று நம் அனல் நிலையங்களில் 3,000 சுற்று, ஒரே டர்பைனில் பல நூறு மெகாவாட். வேலை முடித்த ஆவியைக் குளிரவைக்கத் தனியாக ஒரு கண்டென்சர் இருக்கிறது பாருங்கள், அது வாட் 1765-ல் பிரித்து வைத்த அதே பாத்திரம்.

கேள்வி: என் கணவர் அரிசி ஆலையில் பாயிலர் பார்க்கிறார். உமி அடுப்பு. பாயிலர் வெடித்த செய்தி ஒன்றை டிவியில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கேட்டால், "ஒன்றும் ஆகாது" என்கிறார். பாயிலர் ஏன் வெடிக்கிறது? நான் அவரிடம் என்ன கேட்க வேண்டும்?
– ஒரு வாசகி, காங்கேயம்

அம்மா, உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன்.

பாயிலருக்குள் தண்ணீர் 100 டிகிரியில் இருப்பதில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் சுமார் 170 டிகிரி. இரும்புச் சுவர் அதை அடக்கி வைத்திருக்கிறது. சுவர் கிழிந்தால் அழுத்தம் போய்விடும். அந்த நொடியே தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிப் பொங்கும். உடைக்கிறது ஆவி மட்டும் இல்லை, உள்ளே இருக்கிற தண்ணீரும்தான். வாட் இதற்குப் பயந்து கடைசி வரை குறைந்த அழுத்தத்திலேயே நின்றார். ரிச்சர்ட் டிரெவிதிக் என்ற கார்ன்வால் பொறியாளர் துணிந்து அழுத்தத்தை ஏற்றினார். அதனால்தான் எஞ்சின் சின்னதாகி, 1804-ல் வேல்ஸில் தண்டவாளத்தின் மேல் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்தது. ஆனால் முந்தைய வருடம் கிரீனிச்சில் அவருடைய பாயிலர் ஒன்று வெடித்து 4 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அவர் தன் பாயிலர்களில் ஒரு ஈயச் செருகைப் பொருத்தினார். லெட் பிளக் என்று நாங்கள் சொல்வோம். தண்ணீர் குறைந்து அடுப்பின் மேல்தகடு காய்ந்தால் ஈயம் உருகி, ஆவி அடுப்புக்குள் சீறி, ஆளை எச்சரிக்கும். இன்றும் பல பாயிலர்களில் அது இருக்கிறது. நம் நாட்டுச் சட்டமும் அப்படித்தான் பிறந்தது. 1863-ல் கல்கத்தாவில் பாயிலர் வெடித்துப் பலர் இறந்தார்கள், 1864-ல் வங்காளத்தில் சட்டம் வந்தது. பிறகு 1923-ல் நாடு முழுவதுக்கும், இப்போது 2025-ல் புதிய சட்டம். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் வீடு இருக்கிறது.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1970-களின் கடைசியில் ஒரு இரவு ஷிப்ட். எங்களுடையது லங்காஷயர் பாயிலர், அதாவது படுக்கைவாட்டில் இருக்கும் பெரிய உருளை, அதற்குள்ளே அடுப்புக் குழல்கள். உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று வெளியே காட்டும் கண்ணாடிக் குழாய்தான் கேஜ் கிளாஸ், அது இரண்டு இருக்க வேண்டும். ஒன்று உடைந்து, புதுசு வராமல் மூடிக் கிடந்தது. மற்றதில் முக்கால் கிளாஸ் தண்ணீர் தெரிந்தது. நான் நிம்மதியாகக் கரி போட்டுக்கொண்டிருந்தேன். மேஸ்திரி உள்ளே வந்தார், கிளாஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். "தண்ணி ஆடலையேடா" என்றார்.

ஆவி எடுத்துக்கொண்டிருக்கும் பாயிலரில் கிளாஸில் தெரியும் தண்ணீர் சும்மா நிற்காது, லேசாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இது பொட்டலம் கட்டி வைத்த மாதிரி அசையாமல் நின்றது. மேஸ்திரி கீழ்க் குழாயைத் திறந்து, ஆவி வழியை மூடி, தண்ணீர் வழியை மட்டும் விட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அவ்வளவுதான். உப்புக் கசடு அடைத்துக்கொண்டிருந்தது. மேலிருந்து வந்த ஆவி கிளாஸுக்குள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி நிரம்பியிருக்கிறது. நான் பார்த்தது பாயிலர் தண்ணீரே இல்லை!

எனக்குக் கை தானாகப் பம்பு வால்வுக்குப் போனது. மேஸ்திரி மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். காய்ந்த தகட்டின் மேல் தண்ணீர் விட்டால் அதுவே எமன். புகைபோக்கி வழியை அடைக்கும் தகடான டாம்பரை மூடினோம், எரிகிற கரியை வாரித் தரையில் தள்ளினோம், ஆவி வால்வை மெல்ல மூடினோம், ஒதுங்கி நின்றோம். இரண்டு நாள் கழித்து ஆறின பிறகு ஆள்துளை வழியாக உள்ளே இறங்கிப் பார்த்தேன். அடுப்புக் குழலின் தலைக்கு மேல் இரண்டு விரற்கடைத் தண்ணீர்தான் இருந்திருக்கிறது. கசடுக் கோடு அதைக் காட்டியது. அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

அதனால் உங்கள் கணவரிடம் "ஆபத்தா?" என்று கேட்காதீர்கள், ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லா ஆண்களும் சொல்வார்கள். இந்த வருடத்துப் பாயிலர் சர்டிபிகேட் சுவரில் இருக்கிறதா என்று கேளுங்கள். அது 12 மாதத்துக்கு மேல் செல்லாது. அவருக்கு அட்டெண்டன்ட் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் பரீட்சை எழுதச் சொல்லுங்கள். நான் 30 வயதுக்கு மேல்தான் பாஸ் செய்தேன். சேஃப்டி வால்வில் ஒழுகுகிறது என்று யாராவது கூடுதல் எடை வைத்திருக்கிறார்களா, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்படியிருந்தால் அன்றைக்கு அவர் அடுப்பு பற்றவைக்கவே கூடாது. கூலி போனாலும் பரவாயில்லை.

அப்புறம், ஷிப்ட் ஏறினவுடனே கீழ்க் குழாயைத் திறந்து கேஜ் கிளாஸைச் சீறவிட்டுப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். ஆவி வழி தனியாக, தண்ணீர் வழி தனியாக. இரண்டும் சீற வேண்டும். குழாயை மூடினதும் தண்ணீர் விருட்டென்று மேலே வந்து நிற்க வேண்டும், நின்றபின் ஆட வேண்டும். மெதுவாக ஊர்ந்து வந்தால் எங்கேயோ அடைப்பு. இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அவர் வேலைக்குப் புறப்படும்போது, "நேற்று கிளாஸில் தண்ணீர் ஆடியதா?" என்று தினமும் கேளுங்கள்.